இருக்கைக்கு அடியில் கிடந்தது

அருமைநாயகம் பயந்த மனிதர் என்பது செட்டிபாளையத்தில் எல்லோருக்கும் தெரியும். யுத்தம் நடந்த நாளில், இருபது வயதைத் தாண்டியிருந்தபோது, ஒரு சோதனைச்சாவடியில் அவருடைய ஸ்பனர் பைக்குள் கிடந்த வயர்த் துண்டுகளைப் பார்த்துவிட்டு, குண்டு செய்யவோ என்று பொலிசார் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு மாரிகாலம் முழுக்க உள்ளே வைத்திருந்துவிட்டு, காரணம் எதுவும் சொல்லாமல் வெளியே விட்டார்கள். அன்றிலிருந்து காக்கிச் சட்டையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போவார். பெண் பார்க்கப் போன வீட்டிலும் இதை மறைக்கவில்லை. உள்ளறையில் நின்று கேட்ட அன்னப்பூரணி, "பயந்த ஆள்தான் நல்லம். வீட்டுக்கு நேரத்துக்கு வருவார்" என்று தாயிடம் சொன்னாளாம். அப்படியே நடந்தது. வாவிப் பக்கமாக ஒரு தகரக் கொட்டகையைப் போட்டு, உழவு மிசினும் தண்ணீர்ப் பம்பும் திருத்தி, இரண்டு பெண்பிள்ளைகளையும் கரைசேர்த்தார்.

அந்தக் கொட்டகைக்குத்தான் ஓட்டமாவடி நெல் வியாபாரி பக்கீர் பழைய லொறி ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். ஏதோ ஒரு திணைக்களத்தின் முற்றத்தில் பல வருடமாக வெயிலும் மழையும் குடித்துக் கிடந்து, ஏலத்தில் வந்த பெட்போட் ரக லொறி.

"புது லொறியெல்லாம் வயல் வட்டைக்குள்ள இறங்கினா வயிறு தட்டுது, நாயகம் அண்ணன். இதுதான் உயரம். வெள்ளாமை வெட்டுக்கு முன்ன ஓட வச்சுத் தாங்க" என்றார் பக்கீர்.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. சிலிண்டர்களுக்குள் டீசலும் ஒயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டு, கடப்பாறையால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி அசைத்தார். ஒரு நாள் காலையில் அது பெருமூச்சு விட்டதுபோலச் சுழன்றது. பிரேக் குழாய்களை மாற்றினார். எலிக்கூட்டை அள்ளிப் போட்டார். பிறகு சாரதி இருக்கையைக் கழற்றப் போனார். நட்டுகள் எல்லாம் துருவாகி ஒட்டிப்போயிருந்தன. காலை முழுக்கச் சுத்தியலால் ஓங்கி ஓங்கி அடித்துத்தான் இருக்கையை எடுத்தார்.

அடியில் ஒரு இரும்புப் பெட்டி. மூடி பாதிதான் திறந்தது. பழைய ஸ்பனர்கள் கிடக்கும் என்று நினைத்து இடைவெளிக்குள் கையை விட்டார். சாக்குத் துணி. அதற்குள் உருண்டையாக, குளிர்ந்து, ஏதோ ஒன்று. கை அதைச் சுற்றிப் பிடித்தது. உள்ளங்கையில் தகட்டுப் பிடி ஒன்று அழுந்தியது.

மற்றக் கையால் போனை எடுத்து வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

கைக்குண்டு. யுத்த காலத்தில் அங்கே வளர்ந்த ஆளுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வளையத்தில் கோத்த கம்பி நூலாகத் தேய்ந்திருந்தது. ஒரு நுனியைக் காணவே இல்லை. விட்டால் வெடிக்கும் அந்தப் பிடியை இப்போது அடக்கிக்கொண்டிருப்பது துருவா, தன் உள்ளங்கையா என்று அவருக்குத் தெரியவில்லை. இவ்வளவு நேரமும் இதற்கு மேலே நின்றுதான் சுத்தியலால் அடித்திருந்தார்.

"தேத்தண்ணி ஆறப்போகுது" என்று அன்னப்பூரணி வந்தாள்.

"கிட்ட வராத! றோட்டுக்கு ஓடு, புள்ள!"

"என்ன, பாம்பா?"

"குண்டு. என்ட கைக்குள்ள இரிக்கி."

கோப்பை விழுந்து உடைந்தது. அவள் ஓடியது பக்கத்துத் தென்னைமரம் வரைதான். அதன் பின்னால் நின்றுகொண்டு, அழுகையை அடக்கிய குரலில், "கைய எடுங்க" என்றாள்.

"எடுத்தா வெடிச்சிட்டா?"

"எடுக்காம எவ்வளவு நேரம் இருக்கப் போறீங்க? விரல் மரத்துப்போனா அது தானா விழும். மெதுவா எடுங்க. நான் இஞ்சதான் நிக்கிறன்."

வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. துடைக்கப் பயம். முதலில் சின்ன விரலைத் தளர்த்தினார். பிடி அசையவில்லை. அடுத்த விரல். பிறகு அடுத்தது. உள்ளங்கையைப் பிரித்தார். ஒன்றும் நடக்கவில்லை. துருதான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. கையை வெளியே இழுத்தவர் கபினிலிருந்து இறங்கவில்லை, விழுந்தார். எழுந்து தென்னைமரம் வரை போய், மனைவியின் காலடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

அதன் பிறகுதான் மற்றப் பயம் வந்தது. வயர்த் துண்டுக்கே ஒரு மாரிகாலம். இதற்கு என்ன செய்வார்கள்? பொலிசுக்குச் சொல்ல வேண்டாம் என்று மனைவியின் கையைப் பிடித்துக் கெஞ்சினார். பக்கீருக்குப் போன் எடுத்தார். விசயத்தைச் சொன்னார்.

"அண்ணன், என்ட பேரோட குண்டு எண்டா ஊரில என்ன கதைப்பாங்க எண்டு தெரியுமா? புள்ள குட்டிக்காரன் நான். ஒருத்தருக்கும் தெரியாம வாவிக்குள்ள போட்டுடுங்க."

அருமைநாயகமும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். வாவியைத் திரும்பிப் பார்த்தார். இடுப்பளவு தண்ணீரில் நாலைந்து பேர் கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத சேற்றுக்குள் கையை விட்டு, தட்டுப்படுவதை விரல்களால் பொத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய வலது கை தன்பாட்டில் மூடிக்கொண்டது.

"பூரணி," என்றார். "ஜி.எஸ் மிஸ்ஸைக் கூட்டிக்கொண்டு வா."

கிராம சேவகர் மேனுகா வந்து, எட்ட நின்று பார்த்துவிட்டு, பொலிசுக்கு அறிவித்தார். குண்டுகளை அகற்றும் பிரிவு வந்தது. அயல் வீடுகளை வெறுமையாக்கினார்கள். ஒரு பொலிஸ்காரர் ஜீப்பின் பின்கதவைத் திறந்து, "வாக்குமூலம் எடுக்க வேணும், ஏறுங்க" என்றார். அருமைநாயகத்துக்குக் கால் எழவில்லை. அன்னப்பூரணி முதலில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீங்க இறங்குங்கம்மா."

"நான் இறங்க மாட்டன், சேர். இவர் தனியப் போகமாட்டார்."

பொலிஸ் நிலையத்தில் ஒரே கேள்விகளைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். எப்போது கண்டாய்? ஏன் கையை விட்டாய்? அப்போது தொலைவில் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. குண்டை வெட்டைவெளியில் மணல் மூடைகளுக்கு நடுவே வைத்து வெடிக்க வைத்தார்களாம். அருமைநாயகம் தன் கையைத் தூக்கிப் பார்த்தார். கேள்வி கேட்டவரும் பேனையை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார்.

அந்த நேரத்தில் பக்கீர் உள்ளே வந்தார். முகம் வெளிறியிருந்தது. ஏலக் கடதாசியை மேசையில் வைத்து, "லொறி என்ட, சேர். இவர் திருத்திக் குடுக்கிற ஆள் மட்டும்தான். கேக்கிறத என்னட்டக் கேளுங்க" என்றார். மாலையில் மூவரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

லொறியைத் திரும்பத் தொடுவதற்கு அருமைநாயகத்துக்குப் பல நாள் பிடித்தது. தொட்ட பிறகும் எந்த இடுக்குக்குள்ளும் கைவிடவில்லை. கபினைத் தகடு தகடாகக் கழற்றி வெயிலில் பரப்பிப் பார்த்த பிறகே திரும்பப் பூட்டினார். ஸ்டார்ட் பண்ணும் நாளில் பக்கீர் வந்து, வேலிப் படலைக்கு வெளியே நின்றார். "நீங்க போடுங்க அண்ணன், எனக்கு இஞ்சருந்தே தெரியுது." அருமைநாயகம் எஞ்சின் திறப்பைப் போட்டுத் திருப்பினார். லொறி இருமியது, கறுப்பாகப் புகை கக்கியது, பிறகு கொட்டகைத் தகரம் அதிர ஓடத் தொடங்கியது. அருமைநாயகம் கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது வெடிக்கும் என்று காத்திருந்தார். ஒன்றுமில்லை.

பிறகு பக்கீர் லொறிப் பத்திரங்களையெல்லாம் சரிசெய்தார். "ஓட்டமாவடி வரைக்கும் நீங்கதான் ஓட்டித் தர வேணும்" என்று சொல்லிவிட்டு மோட்டார்சைக்கிளில் முன்னே போனார். கல்லடிக்குக் கிட்டப் போகும்போது வீதியோரம் காக்கிச் சட்டை ஒன்று கையைக் காட்டியது. கால் பிரேக்கில் இறங்கியது. லொறி ஒரு பக்கமும் இழுக்காமல் நேராக நின்றது.

"அண்ணன், ஏறாவூர் மட்டும் என்னைக் கொண்டுபோய் விடுவீங்களா? பஸ்ஸைக் காணல்ல."

அருமைநாயகம் முன்னால் வீதியையே பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார். பொலிஸ்காரர் ஏறி, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய தலை அருமைநாயகத்தின் தோளில் வந்து இடித்தது. ஏறாவூர் வரைக்கும் அருமைநாயகம் அதைத் தள்ளவுமில்லை, மூச்சை முழுதாக விடவுமில்லை.