துணைக்கு ஓராள்

குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க நாள் குறித்து ஹாம்பர்க் மருத்துவமனை அனுப்பிய கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. மயக்க மருந்து கொடுப்பதால் வீட்டுக்கு அழைத்துப்போக ஒரு ‘பெக்லைட்டுங்’, அதாவது துணையாள், வேண்டும். காப்பீடு இருக்கிறது, சம்பளத்தோடு விடுப்பும் உண்டு. ஆளுக்கு எங்கே போவேன்? "எனக்கு யாரும் இல்லை" என்று தொலைபேசியில் சொன்னேன். "அப்படியானால் வேறு தேதி தரட்டுமா?" என்றார் மருத்துவமனையில் போனை எடுத்த பெண். அவருக்கு அது தேதிச் சிக்கல்.

வடசென்னையில் நான் வளர்ந்த நெட்டுக்குப்பத்தில் துணைக்கு ஆள் எப்போதும் உண்டு. மருத்துவமனைக்குப் போக ஒரு காலைப்பொழுதுதான் கிடைக்கவில்லை. அம்மா எண்ணூரில் மீன் விற்றாள். சர்க்கரை நோய்க்காரி. காலில் மீன்முள் குத்திய புண் ஆறவேயில்லை. அரசு மருத்துவமனையில் வைத்தியம் இலவசம்தான். ஆனால் சீட்டு காலையில் மட்டும் கொடுப்பார்கள். மீன் விற்கிற நேரமும் அதுதான். இரண்டு பஸ் மாறிப் போய்த் திரும்புவதற்குள் மீன் கெட்டுவிடும். உட்காரும் இடத்தையும் யாராவது பிடித்துக்கொள்வார்கள். "நாளைக்குப் போலாம்டா" என்று புண்ணில் துணியைச் சுற்றிக்கொண்டே வாரக்கணக்கில் தள்ளிப்போட்டாள்.

பக்கத்துக் கூடைக்காரி கன்னியம்மா அத்தைக்கும் அம்மாவுக்கும் வாடிக்கையாளரை இழுப்பதில் தினமும் சண்டை. ஒருநாள் நான் கூடையை இறக்கிவைக்கும்போது அத்தை மூக்கைச் சுளித்தாள்.

"இன்னா தேசம்மா, மீனு நாறுதா, காலு நாறுதா?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தை எழுந்து வந்து காலில் சுற்றிய துணியை அவிழ்த்துப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீ கெளம்பு. உன் மீன நான் வித்துத் தரேன்."

"என் எடம்..."

"எவ வந்துடுவா? நான் குந்திகினு கீறேன்ல. டேய், அம்மாவ இட்டுகினு போடா!"

"இத்தனை நாள் என்னம்மா செய்தீர்கள்?" என்று டாக்டர் கோபப்பட்டார். அம்மா தலைகுனிந்திருந்தாள். இரண்டு விரல்களை எடுத்தார்கள், கால் தப்பியது. கட்டு மாற்றப் போன நாட்களிலெல்லாம் அத்தைதான் இரண்டு கூடைகளையும் விற்றாள். அம்மா திரும்பிவந்து உட்கார்ந்த அன்றே சண்டையும் திரும்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே ஹாம்பர்க் மீன்சந்தையில் நிற்கும்போது அந்த இரண்டு குரல்களைத்தான் காது தேடுகிறது.

கடைசியில், கப்பல் பட்டறையில் என்னோடு வெல்டிங் வேலை பார்க்கும் போலந்துக்காரன் மரெக்கிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இதற்கா இவ்வளவு யோசித்தாய்?" என்று விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தான்.

மயக்கம் தெளிந்தபோது நர்ஸ் குனிந்து, எங்கே வசிக்கிறீர்கள் என்று ஜெர்மனில் கேட்டார்.

"நெட்டுக்குப்பம்" என்றேன்.

இன்னும் தெளியவில்லை என்பதுபோல் அவர் மரெக்கைப் பார்த்தார். அவன் என் ஹாம்பர்க் தெருவின் பெயரைச் சொன்னான். இரண்டு பெயர்களும் என் காதில் விழுந்தன. எதையும் திருத்தத் தோன்றவில்லை.