மாமாவின் வேனும் ஐந்து ஏன்களும்

சென்னையில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் எனக்கு வேலை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு எங்கள் மேலாளர் தவறாமல் ஒரு கதை சொல்வார். திருச்சிப் பக்கம் எவனோ ஒருவன், தன் லாரி மோதியதற்குக் காரணம் மாமனார்தான் என்று எழுதிக் கொடுத்துக் கிளெய்ம் வாங்கிவிட்டானாம். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அது திருச்சி இல்லை, ஒரகடம் பக்கத்தில் எங்கள் மண்ணூர். லாரி இல்லை, வேன். அந்தக் காகிதத்தை எழுதியது என் கை என்று இதுவரை வாய் திறந்ததில்லை.

அப்போது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. சேரப்பணஞ்சேரியில் பெண் பார்த்து, இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், எல்லாம் கூடி வந்த நேரத்தில் பெண்ணின் அப்பா ஒரு நிபந்தனை போட்டார். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு வண்டி இருக்க வேண்டும், அது ஓடவும் வேண்டும். அதன் பிறகுதான் தட்டு மாற்றுவது. அம்மாவுக்கு இதில் ஏகக் கடுப்பு. மாமாவோ வேலையை விட்டுவிட்டு, கம்பெனிகளுக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றிப்போக ஒரு வேன் எடுத்துவிட்டார். காதல் வந்தவனுக்கு யார் புத்தி சொல்வது?

ஆயுத பூஜையன்று வேன் வாசலில் மாலையோடு நின்றது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அப்பா பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றி, வண்டியை மூன்று சுற்று சுற்றி வந்தார். ஓரமாக உடைக்கப் போனவரை அம்மா விடவில்லை.

"வண்டிக்கு நேரா ஒடைங்க. அப்பத்தான் கண்ணு கழியும்."

நேராகவே உடைந்தது. பழத்தை நசுக்க ஒரு அடி நகர்த்தி நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் மாமாவின் வேலை. எங்கள் தெரு கொஞ்சம் சரிவு. கோலத்துக்காகக் காலையில்தான் ரோட்டைக் கழுவி விட்டிருந்தோம். சக்கரம் பூசணிச் சதையில் ஏறியது, மாமா பிரேக்கை மிதித்தார், வேன் எந்த அவசரமும் இல்லாமல் வழுக்கிக்கொண்டே போய் எதிர்ப்புறத்து அடிபம்பில் முட்டி நின்றது. பல வருஷமாகச் சொட்டுத் தண்ணீர் வராத பம்பு அது. அன்று ரேடியேட்டர் உடைந்து அதன் அடியில் தாராளமாகத் தண்ணீர் ஓடியது.

திங்கட்கிழமை ஓட வேண்டிய வண்டி. மாமா ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். கிளெய்ம் கிடைக்காவிட்டால் வேன் ஓடாது, வேன் ஓடாவிட்டால் கல்யாணம் இல்லை என்பது எனக்கே புரிந்தது. எனக்கும் அழுகை வந்தது.

விபத்து எப்படி நடந்தது என்று இன்சூரன்ஸ் கம்பெனியில் எழுதித் தரச் சொன்னார்கள்.

"நாய் குறுக்க வந்திச்சின்னு எழுதிக்கலாம்," என்றார் மாமா.

"பொய் எழுதனா மாட்டிக்குவ. ரூட் காஸ் இன்னான்னு பாக்கணும்," என்றார் அப்பா.

அப்பாவுக்குக் கம்பெனியில் குவாலிட்டி வேலை. அங்கே ஒரு பொருள் பழுதானால் ஒரு தாள் நிரப்புவார்கள். அதில் ஐந்து பெட்டி. ஏன் ஏன் என்று ஐந்து முறை கேட்டால் கடைசியில் வருவதுதான் மூல காரணம். அப்பா கத்தரிக்காய் சொத்தையானாலே ஐந்து ஏன் கேட்கிறவர். அவர் சொல்லச் சொல்ல, என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால், நான் எழுதினேன்.

வேன் ஏன் மோதியது? வழுக்கியதால். ஏன் வழுக்கியது? ரோட்டில் பூசணிக்காய் கிடந்ததால். ஏன் கிடந்தது? திருஷ்டி கழிக்க உடைத்ததால். ஏன் திருஷ்டி? வேன் புதியது என்பதால். ஏன் புது வேன்? பெண் வீட்டார் கேட்டதால்.

மூல காரணம்: பெண் வீட்டார். மறுபடி நடக்காமலிருக்க நடவடிக்கை: இனி பூசணிக்காயை ஓரமாக உடைப்பது.

சத்தியமாக அப்பாவுக்கு இதில் கிண்டல் ஏதும் இல்லை. பெட்டி இருந்தது, நிரப்பினார். என் எழுத்தின் அழகில் நானே மயங்கி, அம்மாவின் போனில் படம் எடுத்து உறவுக்காரர்கள் குழுவில் போட்டுவிட்டேன்.

விடுமுறை முடிந்து வண்டியைப் பார்க்க வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் தாளை இரண்டு முறை படித்தார்.

"பூசணிக்காய எதுக்கு சார் ஒடைச்சீங்க?"

"ஆக்சிடென்ட் ஆவக் கூடாதுன்னுதான் சார்," என்றார் அப்பா.

சர்வேயர் அடிபம்பின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. "வழுக்கி மோதிச்சின்னு ஒரு வரி போதும். இத நீங்களே வெச்சிக்குங்க," என்று தாளைத் திருப்பித் தந்தார். கிளெய்ம் கிடைத்துவிட்டது.

ஆனால் அதற்குள் நான் போட்ட படம் ஷிப்டு பஸ்களில் ஏறி ஒரகடம் முழுக்கச் சுற்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பா தனியாக வந்து இறங்கினார். மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"எம்மேல இன்னாமோ எழுதிக்கிறீங்களாமே. அந்தப் பேப்பர குடுங்க."

வேறு வழியில்லாமல் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். கோபிக்கவில்லை. "எல்லாம் சரிதான். இன்னும் ஒரு ஏன் பாக்கி கீது," என்று சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, ஐந்தாவது பெட்டிக்குக் கீழே கோணல்மாணலாக எழுதினார். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

ஏன் கேட்டார்கள்? பெண்ணின் அப்பாவை மூன்று கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்தது என்று வாசலிலேயே அடையாளக் கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டதால்.

"அதுல அஞ்சு பெட்டிதான் தாத்தா," என்றேன். அவர் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெண்ணின் அப்பாவைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லாத அம்மா, "சாப்ட்டுத்தான் போவணும் அண்ணா," என்று சொல்லிவிட்டு உள்ளே போய், வெகுநேரம் வெளியே வரவில்லை. தை மாதம் கல்யாணம் நடந்தது. அந்த வேனில்தான் பெண்ணை அழைத்து வந்தோம்.

எங்கள் மேலாளர் கதையில் ஐந்து ஏன்தான் வரும். அது வரைக்கும்தான் ஊருக்குத் தெரியும். பெண்ணின் அப்பா வந்துபோன அன்று மாலை எனக்கு, அழகான தாளைப் பாழாக்கிவிட்டாரே என்றுதான் ஆத்திரம். புதுத் தாள் எடுத்து, ஐந்து பெட்டி போட்டு, மறுபடி அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி வைத்தேன். அது இன்னமும் அப்பாவின் பீரோவில் இருக்கிறது. ஆறாவது ஏன் இருந்த அந்தத் தாளை எங்கே போட்டேன் என்பதுதான் நினைவில்லை.