ஞாயிறு பத்து மணிக்குச் சாக்கடையில் வெந்நீர்

முனியப்பனுக்கு மூக்குக்கு மேலே கோபம் என்று தொம்மலூரில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கைசுத்தமாகத் தொழில் செய்கிறவனைத் திருடன் என்றால் கோபம் வேறு எங்கே வரும், முழங்காலிலா?

யுத்தகாலத்தில் ராணுவ ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர் அவர். நாற்பத்தேழில் துரைமார்கள் கப்பல் ஏறினார்கள். அவர்கள் வீட்டுக் கீசர்கள் ஏறவில்லை. கண்டோன்மென்ட் பங்களாக்களில் ஏலம் போய், மல்லேஸ்வரம் வரைக்கும் குளியலறைச் சுவர்களில் தொங்க ஆரம்பித்தன. வாங்கினவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் விறகு வைத்து எரிக்கும் ஹண்டே என்கிற வெந்நீர் அண்டாதான். கீசர் கொஞ்சம் முனகினாலும் கூப்பிடு முனியப்பனை என்பார்கள். அவரும் தொம்மலூரிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு போவார்.

போனதும் ஸ்பானரை எடுக்க மாட்டார். முதலில் கேள்விதான். "சுத்தமா சூடே இல்லையா, வெதுவெதுன்னு வருதா? முதல் வாளி சூடா வந்து அப்புறம் ஆறிப்போவுதா? உள்ள டம்டம்னு சத்தம் கேக்குதா?" சத்தம் என்றால் கிணற்று நீரின் உப்பு அடியில் படிந்திருக்கும். தொட்டால் சுருக்கென்றால் எர்த் கம்பியை எவனோ மாட்டாமல் விட்டிருப்பான். பாதி நோயை வாய்ப் பேச்சிலேயே கண்டுபிடித்துவிடுவார். அவர் வீட்டில் வெந்நீர் இன்னமும் மூன்று கல்லும் ஒரு பானையும்தான். "ஊரான் வீட்டுக்கெல்லாம் சுவிட்சு போட்டா வெந்நீர், நமக்கு மட்டும் புகையா?" என்று மனைவி சந்திரம்மா இடிப்பாள். முனியப்பன் சிரிப்பார். அவள் சொல்வதில் தப்பில்லையே.

மல்லேஸ்வரத்தில் சேஷகிரி என்று ஒருவர். மைசூர் சர்க்காரில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஐம்பத்தெட்டாம் வருஷம் கார்த்திகையில் அவர் வீட்டுக் கீசர் குழாய் ஒழுகியது. முனியப்பன் போனார். முன்வாசல் திறக்கவில்லை. தோட்டி வருகிற பின் சந்து வழியாக, குளியலறையின் பின்கதவில் வரச் சொன்னார்கள். தீண்டாமை கூடாது என்று சட்டம் வந்து மூன்று வருஷமாகியும் அந்தச் சந்துக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வயிறு எரிந்தாலும் போனார். தேய்ந்துபோன வாஷரை எடுத்துவிட்டுப் புதுத் தோல் வாஷர் போட்டார். ஒழுகல் நின்றது. கூலியைச் சுவர்மேல் வைத்தார்கள், எடுத்துக்கொண்டு வந்தார்.

பத்தே நாளில் கீசர் சூடாகாமல் போனது. சேஷகிரி ஆள் அனுப்பிக் கேட்கவில்லை. காலையில் பால் வாங்குகிற இடத்தில் நின்று தெருவுக்கே சொன்னார்: "சூடு பண்ற நல்ல காயிலைக் கழட்டிண்டு பழசை மாட்டிட்டுப் போயிட்டான் அந்தத் தொம்மலூர்க்காரன்!"

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்தத் தெருவில் மூன்று வீடுகள் முனியப்பனை வேண்டாம் என்றன. நாலாவது வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாகவே, "நீ வரவேண்டாம்ப்பா, கேள்விப்பட்டோம்" என்றாள். பத்து வருஷமாக அடுத்தவன் வீட்டுக்குள் ஒரு பையோடு போய் வருகிறவனுக்கு நல்ல பெயர்தான் சோறு. அது போனால் பையைக் கிணற்றில் போட்டுவிட வேண்டியதுதான்.

"விட்டுத் தொலைங்க, வேற தெரு இல்லியா?" என்றாள் சந்திரம்மா.

"தெரு இருக்கு. பேரு ஒண்ணுதானே இருக்கு?" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. தெருவே வெளியில் நின்ற நேரம். சேஷகிரி வீட்டு முன் கேட்டருகே சைக்கிளை நிறுத்தியவர், அதன் மணியை அடிக்கப்போன கையை அப்படியே நிறுத்தினார். வீட்டின் பக்கச் சுவரிலிருந்து குளியலறைத் தண்ணீர் தெருச் சாக்கடையில் சன்னமாக விழுந்துகொண்டிருந்தது. குனிந்து விரலை நீட்டினார். வெதுவெதுப்பு. விடியுமுன் எல்லோரும் குளித்து முடிக்கிற ஆசாரமான வீடு. பத்து மணிக்கு எவன் குளிக்கிறான்? முனியப்பனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மணியை விடாமல் அடித்தார்.

சேஷகிரி வெளியே வந்தார். "என்னடா, திருடினதைத் திருப்பிக் கொடுக்க வந்தியா? பின் சந்து வழியா வா."

"வரமாட்டேன் சார்."

மற்றவர்கள் 'சாமி' என்பார்கள். முனியப்பன் அந்த வார்த்தையை ராணுவத்திலேயே விட்டுவிட்டு வந்தவர்.

"உள்ள வராம எப்படிடா ரிப்பேர் பண்ணுவே?"

"நீங்க பண்ணுங்க. நான் இங்கருந்து சொல்றேன். உங்க காயில் உள்ளயே இருக்கு, உசுரோட இருக்கு. சாக்கடையில கை வெச்சுப் பாருங்க."

அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் நிஜமாகவே குனிந்து தொட்டுப் பார்த்து, "ஹௌது, பிஸி இதே!" என்றார். சூடாகத்தான் இருக்கிறது என்று கன்னடத்திலேயே சாட்சி வந்துவிட்டது. சேஷகிரிக்கு முகம் சிவந்தது. தப்பிக்க வழியில்லை.

முனியப்பன் ஸ்பானரை நீட்டினார். "கேட்டுத் தூண் மேல வை" என்றார் சேஷகிரி.

"கையில வாங்குங்க சார். சூடா இல்லை."

யாரோ சிரித்தார்கள். சேஷகிரி ஸ்பானரை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

முனியப்பன் கேட்டைப் பிடித்துக்கொண்டு, பரேட் மைதானத்துக் குரலில் கத்தினார்: "முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க! அப்புறம் மாடித் தொட்டி வால்வை மூடுங்க! பச்சைத் தண்ணிக் குழாயோட தலையை மட்டும் கழட்டுங்க!"

கூடி நின்றவர்களுக்கும் விளக்கம் சொன்னார். "இந்தக் கீசர்ல வெந்நீர் வர்ற பக்கம் மூடியே கிடையாதுங்க. பச்சைத் தண்ணியைத் திறந்தா அது உள்ள போயி வெந்நீரை வெளிய தள்ளும். அந்தக் குழாய் சரியா மூடலேன்னா ராவும் பகலும் உள்ள ஒழுகும், வெளியவும் ஒழுகும். காயில் சூடு பண்ணப் பண்ண சாக்கடைக்குப் போயிடும். அப்புறம் எங்க சுடும்?"

உள்ளே ஏதோ உருண்டது. ஒரு முனகல். பிறகு குளியலறையிலிருந்து சேஷகிரியின் குரல், உத்தியோகத்தில் அதட்டிப் பழகிய அதே பெரிய குரல், தெருக்கோடி வரைக்கும் வந்தது:

"வாஷரே இல்லையே இதுல! ஏதோ பட்டுத்துணி சுத்தியிருக்கு!"

அவ்வளவுதான். தெரு கொல்லென்று சிரித்தது. முனியப்பன் சிரிக்கவில்லை.

"பட்டா? தொம்மலூர்ல பட்டுக்கு நான் எங்க சார் போவேன்? எங்க கல்யாணத்துக்கே சந்திரம்மா நூல் புடவைதான் கட்டினா!"

சேஷகிரி கையில் அந்தத் துணியோடு வாசலுக்கு வந்தார். அரக்குக் கரை, ஓரத்தில் ஜரிகை. அவருக்குத் தெரியாத புடவையா? திரும்பிப் பார்த்தார். பின்னால் அவர் மனைவி ருக்மிணி நின்றிருந்தாள்.

"வாஷரை நான்தான் எடுத்தேன்" என்றாள் அவள். "அது தோல். தோல் பட்ட ஜலத்துல குளிச்சுட்டு மடியா எப்படி நிக்கறது? நம்ம பிள்ளையோட சைக்கிள் ஸ்பானரால கழட்டித் தூரப் போட்டுட்டுப் பட்டை வெச்சேன். பட்டுக்குத் தீட்டில்லை."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"சொன்னா கீசரே வேண்டாம், ஹண்டே போதும்பேள்."

முனியப்பன் ருக்மிணியின் பக்கம் திரும்பினார். "அம்மா, தோல் ஆவாதுன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே ரப்பர் போட்டிருப்பேன். அது பெரிசில்லே. உங்க வீட்டய்யா தெருவெல்லாம் என்னைத் திருடன்னாரு. உங்களுக்குத் தெரியும் நான் திருடலேன்னு. வாயைத் திறக்கலியே நீங்க."

ருக்மிணி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு நிமிர்ந்து, கணவரைப் பார்க்காமல், தெருவைப் பார்த்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இவர் எதையும் திருடலை. தப்பு என்னோடது."

முனியப்பன் பையிலிருந்து பழைய டியூபைக் கத்தரித்துச் செய்த ரப்பர் வாஷரை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"இது தோல் இல்லை. போடறேன். எந்த வழியா வரட்டும்?"

சேஷகிரி வாயைத் திறந்தார். அவர் சொல்லுமுன் ருக்மிணி போய் முன்கதவின் இரண்டு பக்கத்தையும் விரியத் திறந்தாள். "இப்படியே வாங்கோ" என்றாள்.

முனியப்பன் கேட்டைத் தள்ளிக்கொண்டு படியேறினார். தன் தோல் செருப்பைக் கழற்றி, அந்த வீட்டு முன்வாசல் படியில், தெருவுக்கு நன்றாகத் தெரியும்படி ஜோடி சேர்த்து வைத்தார். பிறகு அவசரப்படாமல் கூடத்தின் நடுவே நடந்து போனார்.