மூன்று இன்ஜின் குண்டு விமானம்

தொண்ணூறுகளின் கடைசியில் கோயமுத்தூரில் என்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். இறுதியாண்டு ப்ராஜக்டுக்கு நானும் என் வகுப்பு நண்பனும் எடுத்துக்கொண்டது, முதல் உலகப்போரில் இத்தாலிக்காரர்கள் ஓட்டிய குண்டுவீச்சு விமானம். மூன்று இன்ஜின், மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை. நூலகத்தில் அட்டை கிழிந்த பழைய புத்தகம் ஒன்றில் அதன் படத்தைப் பார்த்த நாளிலிருந்து இருவருக்கும் பித்துப் பிடித்துவிட்டது.

ஒரே இன்ஜினை நம்பிக் குண்டுச் சுமையோடு மலை தாண்ட முடியாது என்றுதான் மூன்று வைத்தார்கள். முதலில் மூன்றையும் நடுவயிற்றில் அடைத்து, பக்கத்து விசிறிகளை ஷாஃப்ட் போட்டுச் சுற்ற வைத்தார்கள். அது சரிப்படவில்லை. பிறகு இரண்டை வெளியே கொண்டுபோய் இருபுறமும் தனித்தனி விசிறியோடு முன்னால் பொருத்தி, மூன்றாவதை மட்டும் நடுவில் பின்னாலிருந்து தள்ளும்படி விட்டார்கள். அந்தப் பின் இன்ஜினுக்கு மேலே ஒரு கூண்டில் துப்பாக்கிக்காரன் நின்றுகொண்டே போக வேண்டும்.

"காலுக்குக் கீழ விசிறி சுத்துது, மூஞ்சில பனிக்காத்து. எப்புடிடா நின்னான் அவன்?" என்று நண்பன் கேட்டுக்கொண்டே இருப்பான்.

பழைய ஏற்பாட்டுக்கு ஒன்று, புதியதற்கு ஒன்று என இரண்டு மாதிரிகளை மரத்தில் செதுக்கினோம். டவுனுக்குள், பள்ளிவாசல் தெருவில் இருந்த அவன் வீட்டு மாடிதான் எங்கள் பட்டறை. வரைபடங்களைப் பெரிய தாள்களில் அவனே வரைந்தான். குண்டுகள் தொங்கும் இடத்தை அம்புக்குறி போட்டு, கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான்.

அந்தப் பிப்ரவரியில் ஊருக்குள் குண்டுகள் வெடித்தன. நான் அப்போது அவிநாசிப் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் இருந்தேன். ரேடியோவில் செய்தி கேட்டதும் எனக்கு முதலில் நினைவு வந்தது நண்பன். அடுத்து வந்தது அந்தத் தாள்கள். அவன் தெருவில் வீடு வீடாகச் சோதனை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அவர்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்துக் கடை போனை யாரும் எடுக்கவில்லை.

பஸ் ஓடத் தொடங்கியதும் கிளம்பினேன். "இப்ப அங்க போவாண்டாங் கண்ணு, சொன்னாக் கேளு" என்று அம்மா வாசல் வரை வந்தாள்.

"வெளிச்சத்தோட வந்தர்றனுங்ம்மா" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

தெருவில் பாதிக் கடைகள் திறக்கவில்லை. கதவைத் தட்டியதும் நண்பனின் அம்மா ஒரு விரற்கடை திறந்து பார்த்து, சட்டென்று என்னை உள்ளே இழுத்துக்கொண்டார். நண்பன் இளைத்திருந்தான். நான் கேட்பதற்கு முன் அவன் அம்மாவே சொன்னார்: "படமெல்லாம் அடுப்புல போட்டுட்டேன் தம்பி. தெருமுனைல பூட்ஸ் சத்தம் கேட்டுது. அதுல குண்டுன்னு எழுதியிருந்துச்சே, நான் என்ன பண்ணட்டும்?"

"நல்லது பண்ணுனீங்கம்மா" என்றேன். உண்மையில் எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. சோதனைக்கு வந்தவர்கள் பீரோவைக் கலைத்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மர விமானங்களை எரிக்க அவருக்கு மனம் வரவில்லையாம். வெங்காயக் கூடையின் அடியில் வைத்திருந்தார்.

அவற்றைக் கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டும். நண்பன் கூடவே வருவதாகச் சட்டையை மாட்டினான். அவன் அம்மா வழியை மறித்து நின்றார். "வேண்டாம்ப்பா. வழியில பேரு கேப்பாங்க."

நான் மட்டும் சாக்குப்பையோடு நடந்தேன். ரோட்டில் மணல் மூட்டை அடுக்கியிருந்த இடத்தில் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார்.

"பையில என்ன?"

"காலேஜ் ப்ராஜக்டுங்க சார். ஏரோப்ளேன்."

அவர் ஒன்றை வெளியே எடுத்துத் திருப்பினார். வெங்காயச் சருகு உதிர்ந்தது. "எதுக்கு இத்தனை விசிறி?"

"ஒரு இன்ஜின் நின்னுபோனாலும் கீழ விழாம இருக்கறதுக்குங்க சார்."

என்ன விமானம் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு நின்றேன். அவர் விரலால் விசிறியை ஒரு சுற்றுச் சுற்றினார். என் பெயரைக் கேட்டார். சொன்னேன். "சரி, போ" என்றார். என் பெயரைக் கேட்டதும் அவர் முகம் தளர்ந்ததைப் பார்த்தேன். தப்பித்தோம் என்ற நிம்மதியோடு, நெஞ்சில் ஏதோ கசந்தது.

ப்ராஜக்ட் தேர்வன்று நண்பன் வந்தான். வரைபடம் இல்லாததால் கரும்பலகையில் வரைந்தே விளக்கினோம். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது எதுக்குப் பயன்பட்ட விமானம்? நீங்க ரெண்டு பேருமே சொல்லலையே" என்றார்.

அறையில் மற்ற மாணவர்கள் எங்களைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நண்பன் சொன்னான்: "குண்டு போடறதுக்குங்க சார்."

அவன் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக ஒடிந்தது. தேர்வாளர் கரும்பலகையைக் காட்டினார். "சரி, அந்த ஷாஃப்ட் ஏற்பாட்டை ஏன் கைவிட்டாங்க? அதைச் சொல்லுங்க" என்றார். நண்பன் ஒடிந்த துண்டை வைத்துக்கொண்டே மறுபடி வரையத் தொடங்கினான். போகப் போக அவன் குரல் தெளிந்தது. இருவரும் தேறினோம்.

சாயங்காலம், போய்ச் சேர்ந்ததும் ஹாஸ்டலுக்குப் போன் பண்ணச் சொல்லி அவனைப் பஸ் ஏற்றிவிட்டு, அங்கே வேறொரு மாணவனின் அறையில் தங்கினேன். மெஸ்ஸில் தட்டு போட்டும் சாப்பாடு இறங்கவில்லை. ஹாஸ்டல் ஆபீஸில் போன் அடித்தது. எனக்குத்தான்.

"வந்து சேந்துட்டேன்டா" என்றான் நண்பன், பக்கத்துக் கடை போனிலிருந்து.

திரும்பிப் போய்த் தட்டின் முன் உட்கார்ந்தேன். ரசம் ஆறிப்போயிருந்தது. இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிக்கொண்டேன்.