அம்மா விழுங்காத மாத்திரைகள்

அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய இரண்டு வாரங்களில் அம்மா ஒரு பருக்கைச் சோறுகூடச் சாப்பிடவில்லை. கல்லீரல் கொஞ்சம் சுருங்கினால்தான் இரைப்பையை வெட்டிச் சிறிதாக்க வசதியாக இருக்கும் என்று ஈப்போ மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். மூன்று வேளையும் புரதப் பால், வடிகட்டிய சூப், தண்ணீர். அவ்வளவுதான்.

"அண்டா அண்டாவா சோறு வடிச்ச கை, இப்ப பால் கலக்கிக் குடிக்குது பாருங்க லா," என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார்.

"சிரி, நல்லா சிரி. ஆறு மாசம் கழிச்சு நான் ஓட்டமா ஓடுவேன். அப்ப நீ உன் மூஞ்சிய எங்க வெச்சுக்குவன்னு பாக்குறேன்," என்றார் அம்மா.

அம்மாவுக்கு அப்போது நூற்றுப் பதினெட்டு கிலோ. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் அவர் ஒல்லியாக இருந்ததாகச் சொல்வார்கள். விடியுமுன் கெட்டிப்பால் ஊற்றிய தேநீர், பத்து மணிக்கு நெத்திலிச் சம்பலோடு சோறு, பிறகு மதியமும் சோறு, இரவும் சோறு. அத்தனையும் மேட்டுக்காட்டில் ஏறி இறங்கியே கரைந்துவிடும். ரப்பர் மரங்களை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை போட்ட பிறகு நாங்கள் சுங்கை சிப்புட்டில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்தோம். அம்மா ஒரு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமையல் வேலைக்குப் போனார். சாப்பாட்டின் அளவு அப்படியே இருந்தது. ஏறி இறங்க மேடுதான் இல்லை.

அப்பா இனிப்புநீர் வியாதியால் ஒரு காலை இழந்து, இரண்டு வருடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அம்மாவுக்கும் சர்க்கரை இருந்தது. அவருடைய இடது பாதத்திலும் ஆறாத ஒரு புண் வந்தபோது நான் பயந்துபோனேன். அவருடைய கால்களைக் காப்பாற்ற வேண்டும், அவர் கடைசிவரை தன் காலால் நடக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை. அறுவைச் சிகிச்சை என்ற பேச்சை எடுத்தது நான். மருத்துவரைத் தேடிப் பிடித்தது நான். கையெழுத்துப் போடப் பயந்த அம்மாவிடம் மூன்று மாதம் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்ததும் நான்தான்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போனவள் நான் ஒருத்திதான். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அப்பா பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. நான் முதலாம் வகுப்பில் எழுத்துக்கூட்டப் பழகியதிலிருந்து வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் அம்மா என்னிடம்தான் நீட்டுவார். மின்சாரக் கட்டணத் தாள், கோயில் அறிக்கை, பிஸ்கட் பொட்டலத்தின் பின்பக்கம், எதுவானாலும் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். கேட்டுவிட்டு, "ம், சரி" என்பார். அந்த "ம், சரி"க்காகவே நான் படித்தேன் என்றுகூடச் சொல்லலாம். எனக்குக் கர்வம் உண்டு. இன்றும் இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் நடந்தது புரியாது.

மருத்துவமனையில் உணவு ஆலோசகர் ஒரு மலாய்ப் பெண்மணி. பொறுமையாகப் பேசினார். அம்மாவுக்கும் மலாய் தெரியும். ஆனாலும் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். சாப்பிட உட்கார்ந்தால் முதலில் புரதம், பிறகு காய், இடம் மிச்சமிருந்தால் இரண்டு கரண்டி சோறு. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மென்று விழுங்க வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. இரைப்பை இனி ஒரு வாழைப்பழ அளவுதான் இருக்கும், அதனால் சாப்பாட்டிலிருந்து மட்டும் சத்து போதாது, வைட்டமின் மாத்திரையை ஆயுள் முழுக்க விடக் கூடாது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வாந்தி வந்தால் உடனே இங்கே வந்துவிட வேண்டும். கடைசி இரண்டையும் அவர் இரண்டு தடவை சொன்னார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் தமிழில் எழுதி, வண்ணம் தீட்டி, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். வாந்தி பற்றி எழுதும்போது என் அறிவையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். "வாந்தி வந்தா நீங்க அவசரமா முழுங்கியிருக்கீங்கன்னு அர்த்தம். ஒழுங்கா மென்னா வரவே வராது," என்று அம்மாவிடம் சொன்னேன்.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. முதல் வாரம் தண்ணீரும் சூப்பும், அப்புறம் அரைத்த கஞ்சி, அப்புறம் ஆவியில் வெந்த மீன், முட்டை வெள்ளை. இரண்டு மாதத்தில் இருபது கிலோ குறைந்தது. சர்க்கரை இறங்கியது. பாதத்துப் புண் காய்ந்து, தோல் மூடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா சந்தைவரை நடந்து போய்த் திரும்பி வந்தார். ஆன்ட்டி வேலியோரம் நின்று, "எங்க லா, பாதி ஆளக் காணோம். சந்தையில வித்துட்டு வந்தீங்களா?" என்றார். அம்மா சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டிருக்கும்.

அந்த வாரம்தான் வேண்டுதலைப் பற்றிச் சொன்னார். ஆப்பரேசன் நல்லபடியாக முடிந்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக முருகனிடம் வேண்டியிருந்தாராம். நாற்பத்தெட்டு நாள் விரதம். மீன், முட்டை, கோழி எதுவும் கிடையாது.

நான் கத்தினேன். "இப்ப போய் விரதமா? புரதத்துக்கு எங்க போறது?"

"நடக்க வெச்சாருல்ல. நடந்து போயி நன்றி சொல்லணும்ல. நீதான் எல்லாம் படிச்சவளாச்சே, சைவத்துல என்னென்ன இருக்குன்னு பாத்து எழுதிக் குடு. நான் அப்படியே சாப்பிடுறேன்."

அந்த ஒரு வார்த்தையில் நான் குளிர்ந்துவிட்டேன். மருத்துவமனைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சோயாவில் செய்த தவ்வு, தெம்பே, பிறகு பருப்பு, தயிர், புரத மாவு என்று புதிய அட்டவணை போட்டேன். பழையதைவிட அழகாக இருந்தது.

விரதம் தொடங்கிய நாள் காலையில் வீடு கழுவி, சாமி மாடம் துடைத்து முடித்ததும், அம்மா மேசையில் இருந்த டப்பாக்களை என் முன்னால் வரிசையாக வைத்தார்.

"இதுல கவுச்சி எதுவும் கலந்திருக்கா, படிச்சுச் சொல்லு பாப்பா."

புரத மாவைப் படித்தேன். பாலிலிருந்து எடுத்தது, பரவாயில்லை. வைட்டமின் டப்பாவை எடுத்தேன். எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. கண்ணருகே பிடித்து, பழக்கதோஷத்தில் ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டே வந்தேன். "மாத்திரைக் கூடு, ஜெலட்டின், மாட்டிலிருந்து எடுத்தது, ஹலால்."

படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தேன் என்பது எனக்கே உறைத்தது. எங்கள் வீட்டில் மாட்டிறைச்சியின் பெயரைக்கூடச் சமையலறையில் சொல்ல மாட்டார்கள். நான் சிரித்துச் சமாளித்தேன். "மருந்துக்கெல்லாம் தோஷம் கிடையாதும்மா. சும்மா முழுங்குங்க."

அம்மா டப்பாவைக் கையில் வாங்கி ஒரு கணம் பார்த்தார். "ம், சரி," என்றார்.

நான் காலை ஆறரைக்கு ஈப்போவுக்கு வேலைக்குக் கிளம்பினால், திரும்பி வர இரவு ஏழாகிவிடும். டப்பாவில் மாத்திரை குறைந்துகொண்டுதான் வந்தது. அட்டவணையில் ஒவ்வொரு கட்டமாக அம்மா பேனாவால் சரி போட்டு வைத்திருந்தார். சனி, ஞாயிறுகளில் சாப்பிட்டதும் பின்பக்கம் போய்க் குழாயை வேகமாகத் திறந்துவிடுவார். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். விரதத்துணி துவைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன்.

ஐந்தாவது வாரம் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"என்னமோ ரெண்டு ரெண்டா தெரியுது பாப்பா. உன்னையே ரெண்டா பாக்குறேன்."

"ஒண்ணு போதாதா உங்களுக்கு?" என்று கேட்டேன். இருவரும் சிரித்தோம். எடை வேகமாகக் குறைவதால் வரும் தளர்ச்சி என்று முடிவு செய்தேன். தைப்பூசத்துக்கு ஒன்பது நாள் இருந்தபோது, காலையில் சாமி மாடத்தின் முன்னால் விழுந்து கிடந்தார். எழுப்பியபோது என்னைப் பார்த்து, "இன்னிக்கு எந்தக் காட்டுல வெட்டு?" என்று கேட்டார். தோட்டத்தை விட்டு வந்து இருபது வருடம் ஆகியிருந்தது.

அன்று நாங்கள் போனது பக்கத்தில் இருந்த வேறொரு மருத்துவமனை. இளம் மருத்துவர் ஒருவர் என்னிடம் விவரம் கேட்டார். வாந்தி உண்டா? இல்லை. வைட்டமின் எடுக்கிறாரா? ஒரு நாள் விடாமல். சாப்பாடு? நானே அட்டவணை போட்டிருக்கிறேன், கைப்பேசியில் படம் இருக்கிறது, பாருங்கள். என் மலாய் சுத்தமாக இருந்தது. குரலில் தடுமாற்றம் இல்லை. அவர் என்னை நம்பினார். மூளையில் அடைப்பா, கிருமியா என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை நாள் அப்படிப் போயிற்று.

மறுநாள் மாலை ஆன்ட்டி பார்க்க வந்தார். கட்டிலருகே நின்று அழுதுகொண்டே என்னிடம் சொன்னார்:

"தெனம் மூணு நாலு தடவ வாந்தி எடுத்துச்சு பாப்பா, உங்கம்மா. குழாயத் தொறந்துவிட்டு எடுக்கும். நான் கேட்டேன். 'அதுகிட்ட சொல்லிராத, ஒழுங்கா மெல்லலன்னு திட்டும், ஆபீசுக்கு லீவு போட்டுரும்'னு சொல்லிருச்சு. என்கிட்ட சத்தியம் வாங்கிருச்சு லா."

"மாத்திர?" என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மாட்டுத்தோல்ல செஞ்சதாமே அது. விரதத்துல எப்படி முழுங்கும்? படிச்ச புள்ள வாங்கிக் கொடுத்த மருந்து, குப்பையிலயும் போட மனசு வரலன்னு மைலோ டின்னுல போட்டு வெச்சிருக்கு."

நான் ஓடிப்போய் மருத்துவரிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. வைட்டமின் பி1 சத்தை உடனே நரம்பில் ஏற்றச் சொன்னார். அந்தச் சத்து உடம்பில் அதிக நாள் தங்காது, வாந்தியும் சேர்ந்தால் சில வாரங்களிலேயே தீர்ந்துவிடும், தீர்ந்தால் முதலில் கண்ணும் நடையும் போகும், பிறகு ஞாபகம் போகும் என்று பிற்பாடு எனக்கு விளக்கினார். இன்னும் முன்னாலேயே தெரிந்திருந்தால் என்று ஏதோ தொடங்கியவர், என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இரட்டைப் பார்வை மூன்று நாளில் சரியானது. நடை பாதிதான் திரும்பியது. நாலுகால் தாங்கியைப் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து மேசைவரை வருவார். ஞாபகம்தான் திரும்பவில்லை. தோட்டம் நினைவிருக்கிறது, அப்பா நினைவிருக்கிறது, ஆன்ட்டியின் கேலிக்குப் பதில் கேலி சொல்லத் தெரிகிறது. ஆனால் போன வருடம் முழுக்க அழிந்துபோயிற்று. புதிதாகச் சொல்வதும் மறுநாள் இருப்பதில்லை. அறுவைச் சிகிச்சை நடந்ததே அவருக்குத் தெரியாது.

இப்போது வாந்தி இல்லை. மாத்திரைக்குப் பதில் கூடு இல்லாத பொடி வாங்கிப் பாலில் கலந்து கொடுக்கிறேன். வேலையை வீட்டிலிருந்தே செய்ய அனுமதி வாங்கிவிட்டேன். மதியம் ஒரு சிறு தட்டில் மீன், கொஞ்சம் பூசணிக்காய், இரண்டு கரண்டி குழைந்த சோறு வைப்பேன். அம்மா நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவைப்பார். தன் கையைத் தூக்கி, தொங்கும் தோலைப் பார்ப்பார். பயம் வந்துவிடும்.

"பாப்பா, எனக்கு ஏன் சோறு எறங்க மாட்டேங்குது? ஆளும் இப்படி எளைச்சுட்டேன். பெரிய வியாதி ஏதாச்சுமா? மறைக்காம சொல்லு."

நான் சொல்வேன். ஆப்பரேசன் நடந்ததை, புண் ஆறியதை, சந்தைக்கு நடந்து போனதை, விரதத்தை, நான் டப்பாவைப் படித்ததை, மருத்துவரிடம் வாந்தி இல்லை என்று சொன்னதை. ஒன்றையும் விடுவதில்லை. சில நாள், "விடு, உனக்கு என்ன தெரியும்," என்று என் தலையைத் தடவுவார். சில நாள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடுவார். மாலைக்குள் இரண்டும் அவருக்கு மறந்துவிடும்.

நேற்று எனக்கு முடியவில்லை. அவர் கேட்டதும், "ஒண்ணும் இல்லம்மா, டாக்டர்தான் கொஞ்சமா சாப்பிடச் சொன்னாங்க," என்று சொல்லிவிட்டேன்.

"அப்படியா," என்றார். முகத்திலிருந்த பயம் போய்விட்டது. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்." தட்டைத் திரும்ப இழுத்து, மீனைக் கிள்ளி வாயில் போட்டு, மெதுவாக மென்றார்.

இன்று மதியம் அவர் கேட்டபோது, நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.