கோல்ஃப் பார்க்க நடை பழகியது

எங்கள் வீட்டுக்குள் கோல்ஃப் நுழைந்தது டாக்டர் புண்ணியத்தில். என் வீட்டுக்காரருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்து அனுப்பியபோது சேலத்து டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். தினமும் நடக்க வேண்டும், கொஞ்ச நாளைக்கு கிரிக்கெட் பார்க்கக் கூடாது. இவர் இரண்டாவதை மட்டும் பயபக்தியோடு கடைப்பிடித்தார். கடைசி ஓவரில் டிவியைப் பார்த்துக் கத்தித் தெருவைக் கூட்டுகிற மனிதர், ரிமோட்டை அமுக்கிக்கொண்டே போய் ஒரு பச்சைப் புல்வெளியில் நின்றுவிட்டார்.

அங்கே யாரும் ஓடவில்லை, யாரும் கத்தவில்லை. தொப்பி போட்ட ஒருவர் பந்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கொஞ்சம் புல்லைக் கிள்ளிக் காற்றில் விட்டார், மறுபடி பந்தைப் பார்த்தார். நான் போய் அடுப்பில் இருந்த பாலை இறக்கி, காபி கலந்து கொண்டுவந்தபோதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இது ஆட்டமா, இல்லை ஜோசியமா என்று கேட்டேன். இவர் என்னைக் கையமர்த்தினார்.

இவர் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சேலத்திலிருந்து பெங்களூருக்கு வருஷக்கணக்காக ஓட்டியிருக்கிறார். பெங்களூரில் ஒரு பெரிய சுவரை ஒட்டித்தான் பஸ் போகுமாம். சுவருக்கு மேலே வலை, வலைக்கு மேலே மரங்கள். உள்ளே கோல்ஃப் ஆடுகிறார்கள் என்று கண்டக்டர் சொல்லியிருக்கிறார். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் உள்ளே அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று யோசிப்பாராம். இப்போது நாற்காலியில் சாய்ந்தபடியே அந்தச் சுவருக்குள் போய்விட்டதாக அவருக்குச் சந்தோஷம்.

எனக்கு அந்த நாற்காலியைக் கண்டாலே எரிச்சலாக வரும். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை எழுப்பி நிற்கவைத்தவள் நான். வீட்டில் ஒரு மனிதரை எழுப்ப முடியவில்லை. காலையில் பனி என்பார். கொஞ்சம் பொறுத்தால் வெயில் என்பார். சாயந்திரம் நாய் என்பார். ஹைவேயில் போகிற லாரிப் புகை அதியமான்கோட்டையில் எங்கள் வாசலுக்கு மட்டும் தனியாக வருகிற மாதிரி மூக்கைப் பொத்திக்கொள்வார்.

நிஜக் காரணம் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஒருநாள் தெருமுனை வரை போனவருக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. பக்கத்து வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தொப்பூர் கணவாயில் எத்தனையோ முறை பஸ்ஸை ஏற்றி இறக்கியவர், எங்கள் தெருவில் பயந்துபோய் நின்றார். அதற்குப் பிறகு கேட்டைத் தாண்டவே இல்லை. இப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து என் கையை விட்டுப் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். அதைச் சொல்லத் தெரியாமல் திட்டிக்கொண்டே இருந்தேன்.

கோல்ஃபில் இவருக்கு ஓர் ஆள் கிடைத்தார். வயதானவர், தொப்பைக்காரர், பெரிய பரிசு ஒன்றும் சமீபத்தில் வாங்கியதில்லை. ஆனால் அவருக்கும் நெஞ்சில் ஆபரேஷன் நடந்ததாம், அதற்கப்புறமும் ஆட வந்திருக்கிறாராம். டிவியில் சொன்னார்கள். அன்றிலிருந்து அவர் ‘நம்மாளு’. நம்மாளு மேட்டில் ஏறும்போது இவர் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். குழியில் பந்து விழுந்தால் சட்டையை விலக்கித் தன் தழும்பைத் தடவிக்கொள்வார். எனக்கு அந்த ஆட்டத்தின் மேல் இருந்த கோபம் அங்கேதான் கொஞ்சம் தணிந்தது.

தை முடிகிற சமயத்தில் மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். அங்கே பெரிய கோல்ஃப் போட்டி நடக்கப் போகிறது, வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் வருகிறார்கள், அப்பாவின் ஆளும் வருகிறார், போகலாமா என்று கேட்டாள். இவர் உடனே சரி என்றார். எங்கே உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும் என்று விசாரித்தார். உட்காருகிற பேச்சே கிடையாது என்றாள் மகள். ஆட்டக்காரர் ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குப் போகப் போகப் பார்க்கிறவர்களும் கூடவே நடக்க வேண்டுமாம், அப்படிப் பதினெட்டுக் குழியாம்.

போனை வைத்ததும் இவர் முகம் சுண்டிவிட்டது. எனக்கோ உள்ளுக்குள் மணி அடித்தது. டாக்டரும் நானும் தலைகீழாக நின்றும் நடக்காதது இப்போது நடக்கும் போலிருந்தது. முடியாவிட்டால் விடுங்கள், டிவியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் காய் நறுக்க உட்கார்ந்தேன். மறுநாள் காலையில் நான் வாசல் தெளிக்கும்போது இவர் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

தெருவில் நடக்க மாட்டேன், நாலு பேர் பார்ப்பார்கள் என்று ஒரே பிடிவாதம். அதனால் இடத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். எங்கள் மாதா கோயிலுக்குப் பின்னால் சின்னக் கரடு, ஒரு கல்குன்று, இருக்கிறது. அதன்மேல் சிலுவைப்பாதை. ஆண்டவர் சிலுவை சுமந்து போன பதினாலு நிலைகளையும் சிமெண்டில் செய்து, அடிவாரத்திலிருந்து உச்சி வரை வரிசையாக வைத்திருக்கிறார்கள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஊரே அதில் ஏறும். ஒவ்வொரு நிலையிலும் நின்று, முழங்காலிட்டு, செபம் சொல்லி, அடுத்ததற்கு நடப்போம். செபம் வாசிப்பது நான். ஆபரேஷனுக்குப் பிறகு இவர் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்.

யோசித்துப் பார்த்தால் கோல்ஃப் பார்ப்பதும் அதே வேலைதான். நிற்க வேண்டும், வாயை மூடிக்கொள்ள வேண்டும், நகர வேண்டும், மறுபடி நிற்க வேண்டும். இதைவிடப் பொருத்தமான இடம் எங்கே கிடைக்கும் என்றேன். இவருக்கும் அது நியாயமாகப் பட்டது.

விடிந்ததும் போவோம். நான் தண்ணீர் பாட்டிலோடு பின்னால், இவர் முன்னால். மூன்றாவது நிலையில் ஆண்டவர் முதல் முறை விழுகிறார். இவரும் பல நாள் அதோடு உட்கார்ந்துவிட்டார். ஐந்தாவதில் சிலுவையைத் தூக்க ஒருவர் கைகொடுப்பார். அங்கே நான் முழங்கையைப் பிடித்தால் உதறிவிடுவார். கொஞ்சம் தெம்பு வந்ததும் வாய் வந்துவிட்டது. “இது எத்தினியாவது குழி?” என்று கேட்பார். ஆண்டவர் விழுந்து கிடக்கிற இடத்தில் நின்றுகொண்டு பேசுகிற பேச்சா இது என்று நான் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். இவர் மூச்சு வாங்கச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காக ஆண்டவர் மன்னித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

ஊரில் வேறு மாதிரி பேச்சு கிளம்பியது. டிரைவர் பிழைத்து வந்ததற்குப் பெரிய நேர்ச்சை வைத்திருக்கிறார், அதனால்தான் தினமும் பாதை ஏறுகிறார் என்றார்கள். தவக்காலம் தொடங்கி முதல் ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் பிரசங்கத்தில் இதையே எடுத்துவிட்டார். நெஞ்சில் வலியோடு ஒரு சகோதரர் அதிகாலையில் ஆண்டவரைத் தேடி மலை ஏறுகிறாரே, இளைஞர்களே, நீங்கள் எங்கே என்று கேட்டார். எல்லாத் தலையும் எங்கள் பெஞ்சுப் பக்கம் திரும்பின. இவர் குனிந்து கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. பின்னால் இருந்த அம்மா அழுகிறார் என்று நினைத்து என்னிடம் கைக்குட்டை நீட்டினார்.

வீட்டுக்கு வரும் வழியில், “சாமிகிட்ட ஒண்ணும் சொல்லிராத டீச்சர்” என்றார். கிண்டலும் கெஞ்சலும் ஒன்றாக வரும்போதுதான் என்னை டீச்சர் என்பார். நான் சொல்லவில்லை. அந்த வாரத்திலிருந்து பாதையில் இளவட்டங்கள் நாலு பேர் வர ஆரம்பித்ததால் சொல்ல மனசும் வரவில்லை.

எந்த நாள் போவது என்பதில் வீட்டில் பெரிய பஞ்சாயத்து. போட்டி வியாழனில் தொடங்கி ஞாயிறு வரை. வியாழக்கிழமை மருமகனுக்கு லீவு இல்லை. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை, நான் வாசிக்காமல் முடியாது. ஞாயிறு பூசையை விட்டுவிட்டு ஆட்டம் பார்க்கப் போனால் எங்கள் ஊர்க்காரர்கள் ஈஸ்டர் வரை பேசுவார்கள். அப்படிக் கழித்துக் கழித்துச் சனிக்கிழமை நின்றது. முதல் இரண்டு நாளில் சரியாக ஆடாதவர்களைப் பாதியோடு அனுப்பிவிடுவார்கள், அப்பாவின் ஆள் சனிக்கிழமை இருப்பார் என்று என்ன நிச்சயம் என்று மருமகன் மட்டும் மெல்லக் கேட்டார். நாங்கள் கல்யாணத்துக்கும் சாவுக்கும் பூசைக்கும் பார்த்து நாள் குறிக்கிற ஜனம், ஆட்டக்காரருக்குப் பார்த்து நாள் குறித்துப் பழக்கமில்லை. “நம்மாளு இருப்பாருங்க மாப்ள” என்று இவர் முடித்துவிட்டார்.

ஏற்பாடுகள் மளமளவென்று நடந்தன. லுங்கி கூடாது, பேண்ட்தான் என்றார்கள். தருமபுரிக்குப் போய்க் கயிறு கட்டுகிற ஷூ வாங்கினோம். வெள்ளை வேண்டும் என்று அடம் பிடித்து வாங்கி, வீட்டுக்குள் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்து பழகினார், புது மாப்பிள்ளை தோற்றான். போன் சத்தம் போடக் கூடாது என்றாள் மகள். இவர் போனில் மாதா பாட்டு ஊருக்கே கேட்கிற மாதிரி அடிக்கும். அதை அணைக்கக் கற்றுக்கொடுத்ததில் என் பொறுமை பாதி போயிற்று. சாப்பாடு உள்ளே விட மாட்டார்களாம். உப்புக் குறைத்துச் சாப்பிடுகிற மனிதர் அங்கே விற்கிறதைத் தின்று என்ன ஆவது என்று மருமகனோடு சண்டையே போட்டேன். கடைசியில் எலுமிச்சை சாதத்தைக் காரிலேயே வைத்துவிட்டு, மத்தியானம் வெளியே வந்து சாப்பிடுவது என்று சமாதானம் ஆனது. வெள்ளிக்கிழமை இரவே மருமகன் காரோடு வந்து தங்கி, சனிக்கிழமை விடியும் முன் கிளம்புவதாக ஏற்பாடு.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் இவர் டிவி முன்னால் இருந்தார். நான் சாயந்திரச் செபத்துக்காகப் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு, இவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நம்மாளு கடைசிக் குழியில் குனிந்து நின்றார். அடித்தார். பந்து குழியின் விளிம்பு வரை போய், எட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டது. ஒரே ஓர் அடி கூடுதலாக அடித்ததில் அவர் வெளியேறிவிட்டதாகச் சொன்னார்கள். தொப்பியைக் கழற்றி எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டு அவர் போய்விட்டார்.

இவர் டிவியை அணைத்தார். நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்து வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்றைக்கு இருந்த முகம். இரண்டு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றியது எல்லாம் ஒரு பந்தோடு போயிற்றே என்று அந்த முன்பின் தெரியாத தொப்பைக்காரர் மேல் ஆத்திரமாக வந்தது. இன்னும் கொஞ்சம் ஓங்கி அடித்தால் என்ன கேடு அந்த மனுஷனுக்கு?

சமையலறைக்குப் போய் மகளுக்குப் போன் செய்தேன். அப்பாவுக்கு மனசு சரியில்லை, மாப்பிள்ளையை வர வேண்டாம் என்று சொல், டிக்கெட்டை யாருக்காவது கொடுத்துவிடு என்றேன். அவள் என்னென்னவோ கேட்டாள். நான் குரலை அடக்கிப் பேசிக்கொண்டிருந்தபோது இவர் வாசற்படியில் வந்து நிற்பதைப் பார்த்தேன்.

“என்னாத்துக்கு வர வேணாங்கற?”

“உங்காளுதான் இல்லீங்களே. அங்க போயி யாரப் பாக்கறது?”

இவர் கதவு நிலையில் கைவைத்து என்னைப் பார்த்தார். கோபமா, கிண்டலா என்று எனக்குப் பிடிபடவில்லை.

“ஏன் டீச்சர், அந்தாளு நடக்கறதப் பாக்கவா நீ இத்தன நாளா தண்ணி பாட்டிலத் தூக்கிட்டு எம் பின்னால அலஞ்ச? நா நடக்கறதப் பாக்கத்தான? நடக்கறேன், வந்து பாரு.”

போனில் மகள் அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தபோதுகூட அழாதவள், மிளகாய் டப்பாவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இந்த மனிதர் எல்லாம் தெரிந்தேதான் எனக்காக ஏறியிருக்கிறார். இவர் என் கையிலிருந்து போனை வாங்கி, மாப்பிள்ளையைச் சீக்கிரம் கிளம்பச் சொன்னார்.

மறுநாள் போனோம். மரங்களுக்கு நடுவே பச்சையாக விரிந்து கிடந்தது. ஆயிரம் பேர் சத்தமில்லாமல் நடந்தார்கள், நின்றார்கள், மறுபடி நடந்தார்கள். யார் ஜெயித்தார்கள், எந்தப் பந்து எங்கே விழுந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எல்லோரும் வானத்தைப் பார்த்தபோது நான் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த வெள்ளை ஷூ இரண்டையும் பார்த்துக்கொண்டே நடந்தேன்.