முகத்துவாரத்துக் கிரவலில் துள்ளும் பைக்

வெள்ளவத்தைச் சிக்னலில், வழுவழுப்பான தாரில் மிதந்து வந்து நிற்கும்போதுதான் தோன்றியது: இந்தப் பைக் மண்ணிலும் இப்படி மிதக்குமா? மன்னார் மண்பாதைகளுக்கு இதிலேயே போனால் என்ன?

ஒத்திகைக்காக முகத்துவாரம் வந்திருக்கிறேன். களனி ஆறு கடலோடு கலக்கும் ஓரத்தில், சரளைக்கல் பரவிய கிரவல் பாதை. குழிகளைத் தாங்கட்டும் என்று பின் ஸ்பிரிங்கை முழுதாக இறுக்கியிருக்கிறேன்; பைக் துள்ளுகிறது. முன் சக்கரத்து ஷொக் அப்சோபரில் எண்ணெய் கசிந்து புழுதி ஒட்டியிருக்கிறது.

மீன்பெட்டி கட்டிய ஸ்கூட்டரில் வரும் அக்கா நிறுத்திச் சிரிக்கிறார்.

"தம்பி, நீங்க பைக் ஓடுறீங்களா, அது உங்கள எறியப் பாக்குதா?"

"ஸ்பிரிங்கை டைட் பண்ணினனான் அக்கா."

"ஐயோ! என்ட மீன ஏத்தியிருந்தா எல்லாம் குதிச்சுக் கடலுக்கே போயிருக்கும்."

ஆற்றின் மேல் வெயில் மெல்ல அசைகிறது. ஷொக்கைத் துடைத்து, ஸ்பிரிங்கைத் தளர்த்துகிறேன். அதே பாதையில் இன்னொரு தரம் போகப் போகிறேன். மறுபடி கசிந்தால், கொட்டாஞ்சேனை கராஜில் ஷொக்கின் எண்ணெய் சீலை மாற்றிக்கொண்டாவது மன்னாருக்குக் கிளம்புவேன்.